காற்றடிகள் சொன்ன அளவு

மின்விசிறிக் கடை திறக்குமுன்பே மாடிப்படி முழுக்கக் கூட்டம். கடைக்கு வந்த கூட்டமல்ல. மாடியில் காற்றடிகள் என்ற சாமியார் இருக்கிறார்.

பிறந்த தேதியைச் சொன்னால் போதும், உங்கள் அறைக்கு எத்தனை அங்குல ஃபேன் என்று சொல்லிவிடுவார். அறையைப் பார்க்க மாட்டார். அளக்கவும் மாட்டார். அளவு தப்பினால் வீட்டில் சண்டை, தொழிலில் நஷ்டம், தலையில் வழுக்கை. அவர் சொல்லும் அளவு கீழே உள்ள கடையில் தயாராக இருக்கும். என்ன ஒரு அருள்! வருடக்கணக்கில் தூசி படிந்து கிடந்த ஃபேன்களுக்கெல்லாம் யோகம் அடித்தது.

ஊரார் ஏமாந்தால் எனக்கென்ன? ஆனால் அவர் பக்கத்தில் கைகட்டி நின்றவன் என் தம்பி. அவன் தேதிப்படி அவன் வீட்டுப் பதினாறடி ஹாலில் இருபத்துநாலு அங்குல ஃபேன். மேலே ஏதோ பூச்சி ஒட்டியிருப்பது போலத் தெரியும். அவன் மகளின் பெட்டி போன்ற அறையில் ஐம்பத்தாறு அங்குலம். ஓடவிட்டால் அவள் புத்தகங்கள் தாமே பக்கம் புரட்டிப் படித்துக்கொள்ளும்.

அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த ஹாலில்தான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஃபேன் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க, அது என் ராசி" என்றான் தம்பி.

அவர் தம் மனைவியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வந்து சொல்றோம்" என்று எழுந்தார்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து யாரும் இதுவரை அப்படித் தம் மனைவியைப் பார்த்ததில்லை.

"பெரியப்பா, அந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. நம்ம வீடே லூசுன்னு நினைச்சுட்டாங்க. என்கூட மாடிக்கு வாங்க" என்றாள் தம்பி மகள்.

"அந்த ஆளுக்காக நான் வரிசையில நிக்கிறதா?"

"வரிசையில நான் நிக்கிறேன். நீங்க மீசையோட வந்தா போதும்."

போனேன்.

"சாமி, எங்க வீட்டுல ஒருத்தருக்கு அளவு வேணும்" என்று ஒரு தேதியைச் சொன்னாள். காற்றடிகள் கண்ணை மூடி, மயிலிறகை மூக்கருகே பிடித்தார். இறகு ஆடியது. மூச்சு விடும் மூக்கருகே அது ஆடாமல் என்ன செய்யும்?

"சூட்டு உடம்பு. கோபக்காரர்."

"தொட்டா ஜில்லுன்னு இருப்பாரே சாமி?"

"வெளியே குளிர்ச்சி, உள்ளே நெருப்பு! ராத்திரி தூக்கமில்லை."

"அது உண்மைதான். விடிய விடிய முனகுவார்."

கூட்டம் "ஆகா!" என்றது.

"சாப்பாடு வயித்துல தங்காது. முப்பத்தாறு அங்குலம் மாட்டு, குணமாகும்."

"தங்குமே! போன வாரம் வச்ச தக்காளி இன்னும் அப்படியே இருக்கு."

காற்றடிகள் ஒரு கண்ணைத் திறந்தார்.

அவர் பக்கத்தில் கைகட்டி நின்ற தம்பியிடம் அவள் திரும்பினாள். "அப்பா, அது என்ன தேதி? சத்தமா சொல்லுங்க."

தம்பிக்கு வேர்த்தது. "நம்ம... ஃபிரிட்ஜ் வாங்கின தேதி."

மாடி அதிர்ந்தது. "யோவ், என் மாமியாருக்கும் இதே நெருப்பைத்தானேய்யா சொன்னே!" என்று தையற்காரர் எழுந்தார்.

"எந்திரத்துக்கும் ஆத்மா உண்டு!" என்றார் காற்றடிகள்.

"அப்போ ஃபிரிட்ஜுக்கு மேல ஃபேன் மாட்டிடலாமா சாமி?" என்றாள் தம்பி மகள்.

கீழேயிருந்து கடைக்காரரின் குரல் வந்தது: "மச்சான், பின்பக்கமா இறங்கி ஓடிடுடா!" காற்றடிகள் காற்றாய்ப் பறந்தார். உறவுமுறையும் வெட்டவெளிச்சமானது.

அன்றைக்கே தம்பி தானே ஏணி ஏறினான். பெரிய ஃபேன் ஹாலுக்கு வந்தது. மகள் ஒவ்வொரு நாற்காலியிலும் காகிதத் துண்டு கட்டிச் சுவிட்சைப் போட்டாள். மூலை நாற்காலியில்கூடக் காகிதம் படபடத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா அந்த மூலையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை காய்ந்தபடியே இருந்தது. "கல்யாணத் தேதி குறிச்சிடலாமா?" என்றார்.

தம்பி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று தொடங்கினான். மகள் முறைத்தாள்.

"எல்லாருக்கும் லீவு இருக்கிற நாளாப் பாருங்க" என்றேன் நான்.

ஃபேன் வாங்கப் போகிறவர்களே, அறையின் நீள அகலத்தை டேப்பால் அளந்துகொண்டு போங்கள். தேதி ஃபிரிட்ஜுக்கும் உண்டு. மூளை உங்களுக்கு மட்டும்தான். அதையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.