டிரசர் வண்டி குடித்த விளக்கெண்ணெய்

மரியஜோசப்பின் மோட்டார் சைக்கிள் மறுபடியும் ஒழுகியிருந்தது. நேற்று கைவலிக்க முறுக்கிவிட்டுப் போன அதே திருகாணிக்குக் கீழே எண்ணெய் குளமாகத் தேங்கிக் கிடந்தது.

"சனியனே" என்று திட்டிவிட்டு, சனிக்கிழமையும் அதுவுமாகத் திட்டிவிட்டோமே என்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து மறுபடியும் முறுக்கினார்.

மலாயாவில், லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டிரசர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் ஊற்றுவது, இதெல்லாம் உத்தியோகம். உயிர் என்னவோ அந்த வண்டியில்தான் இருந்தது. கப்பலேறிப் போன பழைய துரை துருப்பிடித்த இரும்பாக விட்டுப்போனதை வாங்கி, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பப் பூட்டி, ஒரு வருஷமாக அதனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணமாகாத மனிதர், பாவம், வேறு எதைக் கொஞ்சுவார்?

எஞ்சினுக்கு விளக்கெண்ணெயைப் போல ஒத்துக்கொள்வது வேறொன்றும் இல்லை என்று பழைய துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரி அலமாரியிலோ விளக்கெண்ணெய் டின் டின்னாக இருந்தது. முதலில் ஒரு கரண்டிதான் எடுத்தார். அதற்கே காது சூடாகிவிட்டது. வண்டி ஒழுக ஒழுகக் கரண்டி கிண்ணமாயிற்று, கிண்ணம் செம்பாயிற்று. காது பழகிவிட்டது, மனசு மட்டும் பழகவில்லை. எடுப்பது ஏழைகளின் மருந்தல்லவா?

போன மாதம் எண்ணெய் போதாமல் ஆளுக்கு அரைக் கரண்டிதான் ஊற்றினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. லயத்துப் பக்கம் வண்டியில் போனால் ஜனங்கள் ஒதுங்கி நின்று, வண்டி நல்லாருக்குதுங்களா, எண்ணெய் தாராளமா ஊத்துறீங்களா என்று பெற்ற பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அவருக்கு அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும்.

இப்படியிருக்க, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புதுத் துரை ஆள் அனுப்பினார். நாளைக் காலை மருந்து ஊற்றுவதைத் தாமே நின்று பார்க்கப்போகிறாராம்.

மரியஜோசப் அலமாரிக்கு ஓடினார். இருந்தது ஒரே ஒரு டின், அதிலும் அடியில் கொஞ்சம். வேலை போனால் வேறு தோட்டம் பார்த்துக்கொள்ளலாம். திருட்டு டிரசர் என்ற பேர் கம்பார் டவுன் வரைக்கும் போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பூசைக்குப் போவது?

ஈப்போவுக்குப் போய்ச் சொந்தக் காசில் ஒரு டின் வாங்கிவந்து வைத்துவிட வேண்டியதுதான். மாட்டுவண்டியில் போனால் திரும்புவதற்குள் விடிந்துவிடும். மோட்டார் சைக்கிளில்தான் போகவேண்டும், அதற்கும் எண்ணெய் வேண்டும். அடியில் இருந்த கொஞ்சத்தையும் அதன் வாயில் ஊற்றினார். காலையில்தானே முறுக்கினோம் என்று திருகாணியைக் குனிந்து பார்க்கவில்லை.

ஈப்போ போய்ச் சேர்ந்ததில் குறை ஒன்றும் இல்லை. புது டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பும்போது லகாட் வருவதற்கு முன்பே எஞ்சின் முனக ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் திருகாணி விழுந்துவிடுவேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வழியெல்லாம் போய்விட்டது.

அப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகிப்போகும். தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். நல்ல மனிதன் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பான். நம்முடையவர் கொஞ்ச தூரம் தள்ளவும் செய்தார். மழை பிடித்துக்கொண்டது.

கொஞ்சமே கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டு புது டின்னைத் திறந்தார். திருகாணியைக் கைக்குட்டை சுற்றி முறுக்கினார். கைக்குட்டையோடு சேர்ந்து ஒழுகியது. மறுபடியும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். தோட்டத்து வாசலில் இறங்கி டின்னை ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜனம் முழுக்க வரிசையில் நின்றது. துரை சற்றுத் தள்ளி மரநிழலில் புகைக்குழாயோடு நின்றார். மரியஜோசப் காலி டின்னும் கரண்டியுமாக வந்தார். ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் வந்தார். துரையைப் பார்த்ததும் நேரே வரிசையின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

முதல் ஆள் இருளாயி. கரண்டியின் மேல் டின்னைச் சாய்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கரண்டியை நீட்டினார்.

இருளாயி வாயைத் திறந்து கரண்டியைக் கவ்வி, மடக்கென்று விழுங்கி, முகத்தை எட்டுக் கோணலாக்கிக் காறித் துப்பிவிட்டுப் போனாள். அடுத்து வந்த சன்னாசி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். அப்புறம் ஒவ்வொருவராக விழுங்கினார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைகள்கூட நன்றாக அழுதன.

துரைக்குப் பரம திருப்தி. டிரசரின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

தட்டின இடம் எரிந்தது. மரியஜோசப் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஜனங்கள் என் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள், நான் இவர்கள் வயிற்றில் அடித்துவிட்டேனே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வரிசையில் கடைசியாக நின்ற வீரம்மா, மரத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள், போகாமல் அங்கேயே தயங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க மருந்தையெல்லாம் அந்த வண்டிக்குத்தாம்மா ஊத்தினேன்" என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல். "திருடிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

வீரம்மா முந்தானை நுனியைத் திருகினாள். அவளுக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தாங்கய்யா மன்னிப்புக் கேக்கணும். அந்தக் கருமம் எங்க வாயில விழாம வண்டி வாயிலயே போகட்டும்னு, லயத்துக்கு லயம் முறை வெச்சு அந்தத் திருகாணிய தளத்தி விட்டுக்கிட்டு இருக்கோம். நேத்து என்னோட முறைலா, பழக்கமில்லாம கொஞ்சம் கூடவே திருகிட்டேன்."