ரிவர்ஸ் நானாவின் ரப்பர் வட்டு

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள மரச்சாமான்களில் பாதியைக் கடைந்தவர் ரிவர்ஸ் நானா. மீதிப் பாதியை, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் பெருவிரலால் தடவிப் பார்த்து முகம் சுளித்தவரும் அவரேதான். வங்கிக்குப் போனால் கவுண்டர் பலகையைத் தடவுவார். மரண வீட்டில் கதிரையின் கையைத் தடவிவிட்டு, ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில், "இதைச் சரியா தேய்க்கல்ல" என்பார். துக்கத்தில் இருப்பவரும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுகையைத் தொடருவார்.

எங்கள் தெரு, மழைத்தண்ணீரே தடுமாறி விழும் இறக்கம். மேல் முனையில் நானாவின் கடைசல் பட்டறை. நடுவில் செல்வியக்காவின் ரொட்டிக் கடை, அதற்கு எதிரே நான் வாடகைக்கு இருந்த வீடு. அடியில், மெயின் ரோட்டைப் பார்த்தபடி, ஹாஜியாரின் புடவை, துணிமணிக் கடை. பட்டறைக்கும் சொந்தக்காரர் ஹாஜியார்தான்.

இடியப்ப உரலும் கிண்ணமும் கடைந்துகொண்டு நானா அமைதியாக இருந்தார். கட்டாரில் வேலை செய்த அவருடைய தம்பி லீவில் வந்தபோது ஒரு ரப்பர் வட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு தெருவின் அமைதி போயிற்று. வட்டின் பின்பக்கம் மரை வெட்டிய துவாரம். முன்பக்கம், பிள்ளைகளின் சப்பாத்தில் சர்ரென்று பிரித்து ஒட்டுவோமே, அந்த மாதிரி ஒட்டுத்துணி. அதில் வட்டமான அரத்தாளை ஒட்டி, லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, மரத்தை அதன்மேல் பிடித்தால் வழவழப்பாகிவிடும். ஒரே குறை, வட்டின் மரையும் லேத்தின் மரையும் ஒன்றுக்கொன்று சேரவில்லை.

"ரெண்டு பேருக்கும் பொருத்தமில்ல சேர். நடுவுல பேசி முடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார் நானா என்னிடம்.

ஒரு முனை லேத்துக்கும் மறுமுனை வட்டுக்கும் பொருந்தும்படி ஓர் இரும்புத் துண்டைச் செய்வித்துக்கொண்டு வந்தார். அதற்கு 'புரோக்கர்' என்று பெயரும் வைத்தார். பட்டறையிலிருந்து "புரோக்கருக்கு எண்ணெய் போட்டேனா?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது தெருவுக்கே கேட்கும்.

இதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் நானாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மரத்தை ஒரே திசையில் தேய்க்கக் கூடாது.

"ஒரு பக்கமே தேய்ச்சா மரத்து நாரு படுத்துக்கிட்டு நடிக்கும் சேர். திருப்பித் தேய்ச்சாத்தான் எழும்பும். அப்பத்தான் வெட்டலாம்."

ஆகவே லேத்தைக் கொஞ்ச நேரம் முன்னுக்கு ஓட்டுவார், பிறகு ரிவர்ஸில் போடுவார். மரையில் முடுக்கிய எதையும் எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும் என்பது போத்தல் மூடி திறந்த எல்லோருக்கும் தெரியும். நானாவுக்கும் தெரியும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் தடவை வட்டு கழன்றபோது நான் வாசலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக ஏதோ விளிம்பில் நின்றபடி உருண்டு வந்து, ஒரு த்ரீவீலை இடப்பக்கமாக முந்தியது. சாரதி பழக்கதோஷத்தில் ஹோர்ன் அடித்தார். பின்னால் நானா, தாடியெல்லாம் மரத்தூளோடு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தார்.

"செல்வியக்கா, நம்ம வட்டு இந்தப் பக்கம் வந்திச்சா?"

"வந்துச்சு நானா. டீ குடிக்கிறியான்னு கேட்டேன். பதிலே சொல்லாம மாவுல போய் படுத்துருச்சு."

இரண்டாவது தடவைதான் வினையானது. வழியில் அரத்தாள் கழன்று விழ, வெறும் ஒட்டுத்துணியோடு தெருவின் அடிவரை போன வட்டு, கடைப் படியில் துள்ளி, ஹாஜியாரின் கம்பளி சுவெட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டது. மனிதருக்குக் காது மந்தம், முதுகு அதைவிட மந்தம். அப்படியே மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தார். ஹாஜியார் அணிந்தால் அது புது மோஸ்தராகத்தான் இருக்கும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். ஒருவர் கடைக்கே வந்து அந்த மாதிரி சுவெட்டர் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியானது. வட்டைப் பிரித்தபோது பாதி முதுகும் அதோடு வந்தது, சுவெட்டரின் முதுகு.

ஹாஜியார் மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கி, சொன்னார். "தம்பி, இன்னொருக்கா இந்தச் சாமான் பட்டறைய விட்டு வெளியே வந்தா, நீயும் அது பின்னாலேயே வெளியே போயிரணும்."

நானாவுக்கு அந்த லேத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடமும் இல்லை. நான் போய், புரோக்கரின் கழுத்தில் சின்னத் துளை போட்டு, வட்டைப் பிடித்து வைக்க ஓர் ஆணி முடுக்கலாமே என்று சொன்னேன்.

"முடுக்கலாம் சேர். கழற ஏலாம முடுக்கினா, ஒரு நாளைக்கு அது லேத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிரும். அப்ப ஹாஜியாருக்கு என்ன பதில் சொல்றது?"

அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தார். சுவிட்சை மாற்றுவதற்கு முன் வாசலுக்கு வந்து, "ரிவர்ஸ் போறேன்" என்று சத்தம் போடுவார். செல்வியக்கா மாவை மூடுவார். த்ரீவீல்கள் ஓரங்கட்டும். நாய்கள் படியேறும். தெருவில் யாராவது ஒருவர் காலை நீட்டி வட்டை மறிப்பார். ஹாஜியாரின் கடைவரை அது பிறகு போகவே இல்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் பின்நேரம் ஹாஜியாரே பட்டறைக்கு வந்து, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குக் கொண்டுபோக பலா மரத்தில் ஒரு கிண்ணம் சொல்லியிருந்தார். நானும் நானாவிடம் கொடுத்திருந்த கதவுப் பிடியை வாங்க அங்கே நின்றேன். ஹாஜியார் கிண்ணத்தைத் தடவினார்.

"ஒரு பக்கம் சொரசொரன்னு இரிக்கே தம்பி."

நானாவின் முகம் வாடிப்போனது. ரிவர்ஸில் போடாமல் அது போகாது. போட்டால் பட்டறை போய்விடும். சத்தம் கொடுத்தால் ஹாஜியார் ஏன் என்று கேட்பார். "பரவாயில்ல, இப்படியே கொண்டுபோங்க" என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். அந்த வாக்கியம் அவர் வாயில் வராது. வாசலுக்கு வந்து, தெருவை ஒருமுறை பார்த்தார். கீழே செல்வியக்கா மாவை மூடினார்.

லேத் எதிர்ப்பக்கம் சுற்றியது. கிண்ணம் அழகாகத் தேய்ந்தது. கடைசி நொடியில் வட்டு கழன்று, ஹாஜியாரின் கதிரைக்கு அடியால் புகுந்து, இறக்கத்தில் இறங்கியது. செல்வியக்கா ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தை அதன்மேல் கவிழ்த்து, அதன்மேல் தானும் உட்கார்ந்துகொண்டார்.

"என்னமோ போச்சே?" என்றார் ஹாஜியார்.

நானா கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார். "பூனை" என்றேன் நான்.

"பூனை உருண்டா போகும்?"

"இறக்கம்தானே ஹாஜியார்."

ஹாஜியார் கீழே இறங்கிப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பாத்திரத்துக்குள் வட்டு இன்னும் சுற்றிச் சுற்றி, மந்தமான காதுக்கும் கேட்கும்படி உரசிக்கொண்டிருந்தது.

"செல்வி, கொஞ்சம் எழும்பு."

"எழும்ப ஏலாதுங்க ஹாஜியார். முழங்கால் பிடிச்சிருச்சு."

"உள்ளுக்கு என்னமோ சத்தம் கேக்குது."

"அதுவும் முழங்கால்தாங்க."

ஹாஜியார் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணத்தைச் சுற்றிலும் ஒருமுறை தடவினார், பிறகு இன்னொருமுறை. பெருவிரலை எடுக்கவே மனமில்லாதவர்போல் நின்றார்.

"தம்பி, பூனைக்குக் கழுத்துல ஒரு ஆணி முடுக்கு. முடுக்கிட்டு என்ட பட்டறையிலேயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த நாளே நானா முடுக்கினார். லேத்தை ஒன்றும் அது தூக்கிக்கொண்டு போகவில்லை. வட்டும் பிறகு வெளியே வரவில்லை.

நான் இப்போது தெல்தெனியவில் இருக்கிறேன். நல்ல வீடு, சமதளமான வீதி, வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கும். ஆனாலும் பின்நேரங்களில் வாசலில் நிற்கும்போது, என்னையறியாமல் ஒரு காலை வீதிப்பக்கம் கொஞ்சம் நீட்டித்தான் வைத்திருக்கிறேன்.