மாதவராஜ் பிடுங்கிய ரிலே

மாதவராஜ் தம் வாழ்க்கையில் ஒரே ஒரு புரட்சி செய்வதென்று முடிவெடுத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை அரூர் விருந்துக்குப் போவதில்லை.

அரூரில் மச்சான் கோவிந்தன் இருந்தார். காசிக்குப் போய்வந்தவர். எண்ணூறு போட்டோ. எல்லாவற்றிலும் கோவிந்தன், எதிலும் காசி இல்லை. மாதவராஜுக்கு வேண்டியதெல்லாம் தருமபுரியில் தம் மொட்டை மாடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வத்தல்மலை மேல் சாயங்கால மேகம். அதோடு மேகமாக ஒரு மணி நேரம் மிதந்தால் போதும். எந்த வேலையும் செய்யாமலே களைத்துப்போகிற அபூர்வப் பிறவி அவர்.

மதியம் மனைவி சுகுணா சாம்பார் தாளிக்கும் நேரம் பார்த்து கார் பானட்டைத் தூக்கினார். ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஹெட்லைட் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அறிவிப்பு வெளியானது: ரிலே கருகிவிட்டது, தூக்கியெறிந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வழியிலேயே இருட்டிவிடும்.

சுகுணா பட்டுப்புடவையோடு வந்து பானட் பக்கத்தில் நின்றாள்.

"ரிலேன்னா என்னாங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் சந்தேகம். மனிதருக்குப் பெருமையில் கண் சொருகியது. பேட்டரிக்குள் கரண்ட் ஏரித் தண்ணீர்போலக் காத்துக்கிடக்கிறது என்றார். நீ திருகுகிற ஸ்விட்ச் மெல்லிசு, அவ்வளவும் அது வழியே பாய்ந்தால் உருகிவிடும். அதனால் ஸ்விட்ச் துளியூண்டு கரண்டை மட்டும் ரிலேவுக்கு அனுப்பும். உள்ளே கம்பிச்சுருள் காந்தமாகும், டக்கென்று மடை திறக்கும். பேட்டரிக் கரண்ட் ஃபியூஸ் வழியே பல்புக்கு ஓடும். அப்புறம் ரோடெல்லாம் நிலா.

"நம்ம வூட்டுல ஸ்விட்ச் நானு. ரிலேதான் சரியில்ல," என்றாள் சுகுணா. "இது ஹெட்லைட்டுக்கு மட்டுந்தானா?"

"ஹாரனுக்கும் உண்டு. தோ, இதான். ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க மாதிரி. மாத்திச் சொருகினாக்கூட..."

வாய் நின்றது. சுகுணாவின் கை நிற்கவில்லை. ஹாரன் ரிலேயைப் பிடுங்கி ஹெட்லைட் குழியில் அழுத்தினாள். ஸ்விட்சைத் திருகினாள். எதிர்ச்சுவரில் இரண்டு நிலா.

ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று மாதவராஜ் ஆரம்பித்தார்.

"அதுக்கு ஆள் இருக்குது. ஏறுங்க."

அவளே ஓட்டினாள். அரூர் ரோட்டில் வானம் கத்திரிப்பூ நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குள் தூக்கத்தில் நடப்பதுபோல் வந்து போயின. அவரும் லேசாக மிதக்கத் தொடங்கினார். அப்போது நடு ரோட்டில் ஓர் எருமை. சுகுணா பிரேக்கை மிதித்து, அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒளித்துவைத்த ரிலேயை எடுத்தால் குட்டு உடையும். மாதவராஜ் தலையைத் தோள் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"பாம்... பாம்..."

எருமை அசை போட்டது.

"இன்னும் சத்தமா அடிங்க," என்றாள் சுகுணா, ரோட்டைப் பார்த்தபடியே. "ரொம்பக் குனியாதீங்க, பையில இருக்கற ரிலே உழுந்துறப் போவுது."