எக்ஸ்ரே அக்கா சுட்ட கவிதைகள்

ஜெராமிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் எக்ஸ்ரே அக்கா சொல்லி மூச்சை அடக்காத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் இன்னும் எங்கேயும் விழவில்லை என்று அர்த்தம். விழட்டும், வருவார் என்பார் அக்கா.

கோல சிலாங்கூரில் நான் இன்றும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கின் பின்னறைதான் அவருடைய ராஜ்யம். "மூச்ச இழு. அடக்கு. அசையாத." மலாய்க்காரர் வந்தால் "தாஹான்". மொழி புரியாத சீனப் பாட்டிகள் வந்தால் தன் மூக்கையே இறுக்கிப் பிடித்துக் காட்டுவார். அடக்கச் சொல்வதில் இருந்த கண்டிப்பு, விடச் சொல்வதில் இருக்காது. ஒருமுறை பனைக்குலை ஏற்றும் லோரி டிரைவர் ஒருவரை அடக்கச் சொல்லிவிட்டு, முதல்நாள் டிவி நாடகத்தில் மாமியார் என்ன செய்தாள் என்று கவுண்டருக்கு வந்து என்னிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் மனம் திருந்திய பிறகுதான் உள்ளே ஓர் ஆள் நிற்பது நினைவுக்கு வந்தது. ஆள் நாவல்பழ நிறத்தில் இருந்தார். அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டார் என்று கேள்வி. அது தன்னுடைய வைத்தியம் என்றே அக்கா இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

அக்காவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. எலும்புகள்தான் நிற்கும். பாசாரில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென விழிப்பார். வணக்கம் சொன்னவர் நான்கு எட்டு நடந்ததும், "அட, நீயா? எடது முழங்கால் எப்படி இருக்கு?" என்று மீன்கடை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையின் சிரிப்பைப் பார்த்தால் இவர் தோள்பட்டையைப் பார்ப்பார். இழவு வீட்டில் இவர் சொல்லும் ஆறுதல் வட்டாரத்தில் பிரசித்தம். உடம்பருகே சற்று நேரம் கைகட்டி நின்றுவிட்டு, அழுகிற மனைவியின் தோளைத் தொட்டு, "நல்ல எலும்பும்மா. இப்படி ஒரு முதுகெலும்ப நான் பாத்ததில்ல," என்பார். அந்த அம்மாள் இன்னும் சத்தமாக அழுவார். அழட்டும், அழுதால்தான் ஆறும் என்று அக்கா திருப்தியோடு கோப்பி குடிக்கப் போவார்.

இதற்கெல்லாம் மேலே அவருக்கு இன்னொரு புகழ் உண்டு. எங்கள் டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர்தான். டாக்டர் தங்கமான மனிதர். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவேமாட்டார். ஆனால் அவர் பேனாவைப் பிடித்தால் காகிதத்தில் நண்டு ஓடிய மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் ஒரே நண்டுதான். மருந்து கொடுப்பவர்கள் எங்கள் கிளினிக்கில் அடிக்கடி வேலையை விட்டுப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் டாக்டர் எழுதிய எக்ஸ்ரே சீட்டோடு பின்னறைக்குப் போனவர்கள் ஒருவர்கூடத் தவறான எலும்போடு திரும்பியதில்லை.

டாக்டர் கவிதையும் எழுதுவார். அதுதான் அவருடைய ரகசிய நோய். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி ஞாயிறு பத்திரிகைகளுக்கு அனுப்புவார். ஒன்றும் வராது. ஒரே ஒருமுறை பதில் வந்தது: படம் கிடைத்தது, நன்றி, நாங்கள் ஓவியங்கள் வெளியிடுவதில்லை. கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கவிதை பேனா வழியாகத்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எழுதியதையெல்லாம் அக்காவிடம் கொடுக்க ஆரம்பித்தார். அக்கா வாங்கிப் பார்த்து, "ம்ம்... நல்லாருக்கு டாக்டர்," என்பார். அந்த "ம்ம்" ஒன்றுக்காகவே டாக்டர் தொடர்ந்து எழுதினார் என்று நினைக்கிறேன்.

அக்கா ஓய்வு பெறப்போகிற வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. கிளினிக்கில் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. யாரும் வாங்கிப் போகாத பழைய ஃபிலிம்கள் ஸ்டோரில் மலையாகக் குவிந்து கிடந்தன. அதே சமயத்தில் அக்காவின் மகள் அவரைக் கோலாலம்பூரில் ஏதோ கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள். திங்கட்கிழமை கைப்பையைக்கூட வைக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"புத்தகமாம் புள்ள. ஆனா படிக்க முடியாது. பக்கத்துல சட்டி. அதுல சோறு திங்க முடியாது. ரெண்டும் கவிதையப் பாத்து செஞ்சதாம். அத்தன சனம் வாயப் பொளந்து பாக்குது. ஏன் புள்ள, நம்மகிட்டயும்தான் படிக்க முடியாத கவிதை நெறைய கெடக்கே?"

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டார். பூந்தொட்டி சுடும் பட்டறை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடம் போய், அவருடைய சூளையில் ஒரு மூலை கேட்டார். தவுக்கேவின் இடுப்பெலும்பை அக்கா முன்பு படம் எடுத்திருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. பாவம், அக்கா என்ன செய்தாலும் அது எலும்பாகவே வந்தது. கோப்பை செய்தால் முழங்கால் சில்லு. குவளை செய்தால் இடுப்பு. பூச்சாடி என்று ஒன்றைக் காட்டினார். கழுத்தெலும்பை அப்படியே எழுந்து நிற்கச் சொன்னது போல இருந்தது. தவுக்கே அதைத் தன் பூந்தொட்டிகளிலிருந்து தள்ளியே வைத்துச் சுட்டார்.

புத்தகங்களுக்குப் பழைய ஃபிலிம். பெயர் இருக்கிற ஓரத்தை வெட்டிவிட்டு, ஊசியால் டாக்டரின் கவிதையைக் கீறி, தையல் நூலால் கோத்து, பிளாஸ்டர் துணியில் அட்டை போட்டார். விளக்குப்பெட்டியில் வைத்துப் பார்த்தால் விலா எலும்புகளுக்கு நடுவே வரிகள் வெள்ளையாக மின்னும். எலும்புக்காரர்களிடம் அனுமதி கேட்காமல் செய்யக்கூடாது என்று நான்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். செய்தி பரவி, கவுண்டரில் எனக்கு நிற்க நேரமில்லை. பக்கத்துவீட்டுக்காரனின் கணுக்கால் புத்தகத்தில் வரும்போது தன் கணுக்காலுக்கு என்ன குறை என்று சண்டைக்கு வந்தார்கள். ஜெராமில் மீன் விற்கிற அண்ணன் ஒருவர், தன் தோளெலும்பு முதல் பக்கத்தில் வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒரு கூடை நண்டோடு வந்து உட்கார்ந்துகொண்டார். முதல் பக்கம் அவருக்கே போனது. நண்டு நன்றாக இருந்தது.

டாக்டருக்கு மட்டும் ஒன்றையும் காட்டவில்லை. திறப்பு விழா அன்று பார்த்து அவர் அசந்துபோக வேண்டுமாம். டாக்டரும் சின்னப்பிள்ளை மாதிரி காத்திருந்தார். மனைவி வீட்டாரை எல்லாம் அழைத்தார். கிள்ளானிலிருந்து பேர்பெற்ற ஒரு கவிஞரையும் வரவழைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய கவிதை பிறர் கண்ணில் படப்போகிறது.

இடம், பழைய டவுனில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக்கடை மாடி. மலைக்குரங்குகள் சன்னல் வழியாக வரும் என்று எல்லாச் சன்னலையும் அடைத்திருந்தார்கள். அப்படியும் ஒன்று புகுந்து, முழங்கால் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மரியாதையாக வைத்துவிட்டுப் போனது. அதுதான் எங்கள் முதல் பார்வையாளர்.

டாக்டர் பாத்திக் சட்டையில், எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். வாசலில் நடுநாயகமாக ஒரு பெரிய வளைந்த தட்டு. பிறை மாதிரியும் இருந்தது, விலா எலும்பு மாதிரியும் இருந்தது. அதன்மேல் கொட்டை எழுத்தில் ஒரு வரி: நிலவே, உன் நகம் வெட்டு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என்னா?"

"ஒங்க கவிதைதான் டாக்டர்," என்றார் அக்கா பெருமையாக.

"நான் எழுதினது 'உன் முகம் காட்டு'."

அக்கா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருக்கு எதையும் அப்படித்தான் பார்க்கத் தெரியும். "நகம் வெட்டுன்னுதான் இருக்கு," என்று என்னிடம் நீட்டினார். எனக்கு அது இதயத்துடிப்பு வரைபடம் மாதிரி தெரிந்தது. ஆனாலும் அந்த இதயம் நல்ல நிலையில் இல்லை என்பது புரிந்தது.

டாக்டர் அடுத்தடுத்த மேசைகளுக்கு ஓடினார். 'அவள் சிரித்தாள், மழை பெய்தது' என்று அவர் எழுதியிருந்தது, 'அவள் சிரித்தாள், மாடு மேய்ந்தது' என்று குவளையைச் சுற்றி வளைந்து போயிருந்தது. 'தமிழே என் உயிரே' என்று உருகியிருந்த வரி, மீன்கார அண்ணனின் தோளெலும்புக்குக் கீழே 'தமிழே என் வயிறே' என்று பளிச்சிட்டது. ஒரு வரிகூடத் தப்பவில்லை.

டாக்டர் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் எடுத்து மூடச் சொன்னார்.

"புக்க மூடிடலாம் டாக்டர். சட்டி சுட்டாச்சே. இனிமே ஒடைக்கத்தான் முடியும்."

"அப்ப ஒடைங்க."

அக்காவின் முகம் விழுந்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பெரிய தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்ற பயத்தை ஆறு மாதமாக அந்த மண்ணில் பிசைந்தவர் அவர். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படி அதிர்ந்தது. ஜெராம் மீன்கார அண்ணன், மனைவி, பிள்ளைகள், மச்சினன், மச்சினனின் முதலாளி என்று ஒரு பஸ் கூட்டத்தோடு தன் தோளெலும்பைப் பார்க்க வந்துவிட்டார். பின்னாலேயே டாக்டரின் மாமியார் வீடு, தோட்டத்து ஆட்கள், தவுக்கே, எல்லோரும். அக்கா தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். டாக்டர், வருகிறவர்களுக்காக மூலையில் வைத்திருந்த பெரிய கோப்பி டிரம்முக்குப் பின்னால் போய், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் சுற்ற ஆரம்பித்தது. மாடு மேய்ந்த குவளை அருகே புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் நெடுநேரம் நின்றார். "எங்க தோட்டத்துல அப்படித்தாங்க. நம்ம பாட்டுக்கு சிரிப்போம், அழுவோம். அது பாட்டுக்கு மேஞ்சிக்கிட்டு இருக்கும்," என்று யாரிடமோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழே என் வயிறே என்பதைப் பார்த்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், இத்தனை காலத்தில் இவர் ஒருவர்தான் உண்மையை எழுதியிருக்கிறார் என்று சொல்லி, சம்பளம் வாங்கும் சக ஆசிரியைகளுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பினார். ஒவ்வொரு பாராட்டுக்கும் கோப்பி டிரம்முக்குப் பின்னாலிருந்த முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்தது.

கடைசியில் கிள்ளான் கவிஞர் பெரிய தட்டின் முன்னால் நின்றார். சத்தமாக வாசித்தார். கண்ணை மூடினார். மறுபடி வாசித்தார். "பிறையை வெட்டிப்போட்ட நகமாகப் பார்த்திருக்கிறாரே, யார் இந்த டாக்டர்?" என்று கேட்டார். மாமியார் வீட்டார் பெருமையோடு டாக்டரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். இந்த வரி எப்படித் தோன்றியது என்று கவிஞர் கேட்டார்.

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். அத்தனை வருஷ ஆசை, கைக்கெட்டும் தூரத்தில். டாக்டர் என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், சுவரோரம் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"அது என்னோடது இல்லீங்க. நான் எழுதினது வேற. அவங்க படிச்சது இது."

"நீங்க எழுதினது என்னா?"

"நிலவே, உன் முகம் காட்டு."

கவிஞர் சற்று யோசித்தார். பிறகு மிகவும் பண்போடு சொன்னார்: "இதுவே இருக்கட்டுமே, டாக்டர்."

பிறகு எங்கிருந்தோ ஒரு விசித்திரமான ஓசை, தண்ணீர் இல்லாத பம்ப் இழுக்கிற மாதிரி. டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். பழக்கம் இல்லாததால் நிறுத்தத் தெரியவில்லை. மீன்கார அண்ணன்தான் முதுகில் தட்டி நிறுத்தினார்.

எல்லோரும் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் மிச்சமிருந்த வடையோடு உட்கார்ந்தோம். அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"எல்லாமேவா டாக்டர் தப்பா படிச்சிட்டேன்?"

"எல்லாமே."

டாக்டர் வடையைப் பாதியில் நிறுத்தினார். ஏதோ உறைத்திருக்க வேண்டும். "அப்ப இத்தன வருஷம் எக்ஸ்ரே சீட்டு?"

"அதையா?" என்றார் அக்கா. "நான் எங்க டாக்டர் அதப் படிச்சேன்? வந்த ஆளுகிட்ட எங்க வலிக்குதுன்னு கேப்பேன், காட்டுன எடத்துல எடுப்பேன். கவிதைக்கு எங்க வலிக்குதுன்னு நான் யாரப் போயி கேக்கறது, சொல்லுங்க?"

டாக்டர் தன் தட்டிலிருந்த இன்னொரு வடையை அக்காவின் தட்டில் வைத்தார்.

அக்கா இப்போது சுங்கை ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிறார். டாக்டர் இன்னும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புகிறார். முன்பைவிடக் கொஞ்சம் வேண்டுமென்றே கிறுக்குகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்கா தனக்குத் தோன்றியதைக் குரலில் வாசித்துத் திருப்பி அனுப்புவார். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். பம்ப் இழுக்கிற சத்தம் கவுண்டர் வரை வரும்.

இரண்டு மாதமாக மருந்து கொடுக்க ஆள் இல்லை. அந்த வேலையும் என் தலையில்தான். அதனால் டாக்டரின் கையெழுத்து எனக்கு இப்போது நன்றாகவே படிக்க வருகிறது. போன வாரம் புதுச் சீட்டு ஒன்றை நீட்டி, "இது என்னான்னு ஒனக்குத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். ஓர் எழுத்து விடாமல் படித்தேன், மனசுக்குள். பிறகு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல லா டாக்டர். அக்காவுக்கே அனுப்புங்க."