பனிமலைக்கு முன்னால் ஒரு படம்

படத்தில் பனி சாம்பல் நிறத்தில் இருந்தது.

கௌஸ் முகம்மது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்னப்பா இது, சிமெண்ட் மூட்டை கிழிஞ்ச மாதிரி இருக்கு?"

கிளிட்டஸ் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோவில் ஒன்பது வருஷமாக பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். 2009 பிறந்ததிலிருந்து கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக ஊருக்கு அனுப்ப, கடையில் ஈ ஓட்டினார்கள். மாதக் கடைசியில் மூடிவிடலாம் என்று முதலாளி கௌஸ் முகம்மது முடிவு கட்டியிருந்தார். கடை போனால் இவன் விசா போகும். அதோடு மனைவி ரினியின் விசா போகும், மகள் லிண்டாவின் பள்ளிக்கூடம் போகும்.

அந்த நேரத்தில்தான் ராஸ் அல் கைமா மலையில் பனி பெய்திருப்பதாக ரேடியோ சொன்னது. "அதைப் படம் பிடிச்சு சுவர் முழுக்க ஒட்டுவோம் பாய். முன்னால நின்னு படம் எடுக்க ஆளுங்க வரிசை கட்டும்" என்று இவன்தான் ஆசை காட்டி, ஒரு நாள் லீவும் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

"கேமராவோட புத்தி அப்படி பாய். எங்க பாத்தாலும் வெள்ளையா இருந்தா மிரண்டுபோய் இருட்டடிச்சுரும். புத்தகத்துலயே போட்டிருக்கு. நாமதான் திருத்தணும்."

"நீ கிட்டப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் பாய்."

"தொட்டியா?"

"தொட்டேன். விரல் மரத்துப்போச்சு."

தொடவில்லை. ஊர்க்காரன் செல்வசிங்கின் மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு போனான். மலைக்கு ஏறும் பாதையை போலீஸ் அடைத்திருந்தது. உச்சி மேகத்துக்குள் இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடிக்க, எதிரே தூரத்தில் ஒரு சரிவு பளபளத்தது.

"லேய், அங்க பாருல! வெள்ளையா கெடக்கு. பனிதாம்ல!" என்று செல்வசிங் பிரேக் போட்டான்.

"கிட்ட போவமா?"

"போடே. பெட்டியில ஐஸு உருகுது, மீனு நாறிரும். இங்கேருந்தே எடு."

பெரிய லென்ஸை மாட்டி, வண்டியிலிருந்து இறங்காமலே எடுத்தான்.

இப்போது திருத்த உட்கார்ந்தான். வெளுப்பை ஏற்றினான்.

"இது தூத்துக்குடி உப்பளம்" என்றார் கௌஸ் முகம்மது.

நிழலில் நீலத்தைக் கலந்தான். வெயில் பட்ட இடத்தில் லேசாக மஞ்சளைத் தடவினான். சாயங்காலம் முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, கையோடு கை தேய்த்தார். "மாஷா அல்லாஹ்! இப்பத்தான்டா குளுருது."

படம் சுவரேறியது. முதலில் வந்த எலக்ட்ரீஷியன் அரைக்கைச் சட்டையில், விளக்குச் சூட்டில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"பனியில நிக்கிறவனுக்கு வேர்க்குமாய்யா? ஸ்வெட்டர் வாங்கு" என்றார் முதலாளி.

ஒரே ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டு இன்னும் வியர்த்தார்கள். நாலாம் நாள் அது நாறியது. ஏசியைக் கடைசிவரை இறக்கினார்கள். ஸ்வெட்டர் போட்டவர்களுக்குச் சரியாக இருந்தது. ஸ்வெட்டர் இல்லாத கௌஸ் முகம்மதுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் வரிசை நின்றது. வந்தவர்களில் பாதிப்பேர் விசா கேன்சலானவர்கள். "ஏழு வருஷத்துல கேம்ப்பையும் சைட்டையும் தவிர எதையும் பாக்கலண்ணே. ஊர்ல கேட்டா காட்ட இதாவது இருக்கட்டும்" என்று ஒருவன் தலையை வாரிக்கொண்டு நின்றான். அவனைச் சிரிக்கச் சொல்ல கிளிட்டஸுக்கு வாய் வரவில்லை.

எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "நெசமான பனியாண்ணே?" கிளிட்டஸும் சொல்லிச் சொல்லி அந்தப் பனியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். முதல் வாரம் கணுக்கால் வரை நின்றான். அடுத்த வாரம் முழங்கால். ரினியிடம்கூட அப்படியே சொல்லிவிட்டான். அவள் அவன் காலைப் பிடித்துப் பார்த்து, தைலம் தேய்த்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடையை மூடும் பேச்சு நின்றது. கிளிட்டஸின் விசாவை இன்னும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப் பேப்பர் போட்டார் முதலாளி. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று படத்தில் இன்னொன்று அடித்து, அடுத்த மாதம் வாசல் கண்ணாடியிலும் ஒட்டச் சொன்னார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கம்பெனி உடுப்பு அவன் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. பேர் சிவசங்கரன், பெரம்பலூர்ப் பக்கம் என்றான். பாஸ்போர்ட் போட்டோ கேட்டான். அதைச் சொல்வதற்குள் மூன்று தரம் இருமினான்.

"விசா புதுப்பிக்கவா தம்பி?" என்றார் கௌஸ் முகம்மது.

"இல்லிங்க. மெடிக்கல்ல நெஞ்சு ஃபெயிலாயிடுச்சு. கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னுட்டாங்க. ஊருக்குப் போற பேப்பருக்குக் கேக்குறாங்க."

கௌஸ் முகம்மதுக்கு மனசு கேட்கவில்லை. "கிளிட்டஸ், தம்பிக்குப் பனிமலைக்கு முன்னால ஒண்ணு எடுத்துக் குடு. காசு வாங்காத."

உள்ளே வந்த சிவசங்கரன் சுவரைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி, குளிருதா?" கிளிட்டஸ் சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரை நீட்டினான். "பயப்படாதீங்க. இந்தப் பனியில இடுப்பளவு நின்னு எடுத்தவன் நான். எனக்கே ஒண்ணும் ஆகல."

சிவசங்கரன் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். கண்ணில் அப்படி ஒரு இரக்கம்.

"இடுப்பளவா? அப்ப நீங்களும் சீக்கிரமா நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்கண்ணே. இது எங்க கல்லு ஒடைக்கிற கிரஷர்ல கொட்டி வச்சிருக்கிற கல்லுத் தூசி."