மெதஹத், மெதிஹத்

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். (யட்டவத்தச் சந்தையில் பூசணிக்காய்க்குப் பேரம் பேசும் அளவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.) எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண் பார்க்கப் போனபோதும் அதையே அளந்துவிட்டேன். நிச்சயமும் முடிந்தது.

அடுத்த வாரமே அந்தத் தோட்டத்துக்கு எம்.பி. ஒருவர் பேச வந்தார்; கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மொழிபெயர்க்க இருந்த ஆசிரியருக்குக் காய்ச்சல். முன்வரிசையிலிருந்து என் வருங்கால மாமியார் எழுந்தார்.

"எங்க மாப்பிள்ள இருக்காருங்க! சிங்களம் பொளந்து கட்டுவாரு!"

மைக்கைப் பிடித்தேன். பாதை, தண்ணீர்க் குழாய், கூரைத் தகரம் என்று பேசினால் சமாளித்துவிடலாம். மனிதர் எடுத்த எடுப்பில் வெளிநாட்டுக் கொள்கைக்குப் போய்விட்டார். அப்போது வளைகுடாப் பக்கம் சண்டை. தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே வீட்டு வேலையில் இருந்தார்கள். மாமியாரின் மூத்த மகள் ராணியும் அங்கேதான். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. கூட்டத்தில் ஒருவரும் இமைக்கவில்லை.

எம்.பி. மேசையைத் தட்டினார். "அப்பி மெதஹத்!"

அப்பி என்றால் நாங்கள். மெதஹத் என்றால் நடுநிலை. மெதிஹத் என்றால் தலையிடுவது. நடுவில் ஒரேயொரு 'இ'தான் வித்தியாசம். அந்த 'இ'யை நானே போட்டுக்கொண்டேன்.

"இந்தச் சண்டையில நாங்களும் எறங்குறோம்!" என்று முழங்கினேன்.

"ஐயோ, எந்தப் பக்கம்?" என்றது ஒரு குரல். "ஆமியில இருக்க எம்மகனையும் அனுப்புவாங்களா?" என்று ஒரு தாய் அழத் தொடங்கினார். எம்.பி.யோ இரைச்சலை ஆரவாரம் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மாமியார் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ராணி, ஒடனே வந்துரு! நம்ம நாடும் சண்டைக்கு வருதாம். மாப்பிள்ளயே மைக்ல சொல்றாரு!"

"மேடம்கிட்ட சொல்லிட்டு இப்பவே பெட்டிய அடுக்குறேம்மா!"

அவள் பெட்டியைத் தூக்கினால் அவளுக்கு வேலை போகும், எனக்குப் பெண் போகும்.

"அம்மா, அது மெதஹத்! நம்ம எந்தப் பக்கமும் இல்லன்னு சொல்றாரு!"

கத்தியது சுமதி, எனக்கு நிச்சயித்த பெண். மாத்தளை டவுனில் துணிக்கடையில் மூன்று வருடம் சிங்களத்திலேயே வியாபாரம் செய்தவள். (அதை அவள் யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை.) நேரே மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கூட்டத்துக்குச் சரியாகச் சொன்னாள். மாமியார் என்னிடம் ஃபோனை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

"அக்கா, போக வேணாம். நான்தான் பெழையா சொல்லிட்டேன்."

"நீங்க யாரு?"

"மாப்பிள்ள."

"கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப தங்கச்சிகிட்ட ஃபோனக் குடுங்க. யோசிக்க நேரமிருக்கு."

அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் நெருப்பில் நின்றேன். ராணி வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, சிரித்த பிறகுதான் தாலி கட்டினேன்.

இப்போதும் சமையலறையில் மாமியாருக்கும் சுமதிக்கும் வாக்குவாதம் முற்றினால் இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்புவார்கள். "மெதஹத்தா, மெதிஹத்தா?"

நான் வாயே திறக்காமல் வாசலுக்குப் போய்விடுவேன். எனக்குப் பிழையில்லாமல் வரும் சிங்களம் அது ஒன்றுதான்.