இருமிப் போட்ட ஓட்டு

ஓட்டு மெஷினில் சின்னத்துக்குச் சின்னம் சத்தம் மாறும் என்று நான் மனசார நம்பினேன். சிரிக்காதீர்கள். நீலகிரியில் குந்தா பக்கம் எங்கள் ஊரில் ஃபேக்டரிச் சங்கு வேலைக்கு நீளமாக ஊதும், சாப்பாட்டுக்கு விட்டு விட்டு ஊதும். காதை வைத்தே காலம் தள்ளியவன், முத்திரை குத்துவது போய் முதன்முதலாக மெஷின் வந்தபோது வேறு எப்படி யோசிப்பேன்?

பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. ஃபேக்டரிகள் பாதி இலையைத் திருப்பி அனுப்பின. யார் மூட்டை வேனில் ஏறும் என்பது இலை ஏஜென்ட் செல்வராஜ் கையில். அன்றே ஏறாவிட்டால் இலை சூடேறிச் சிவந்து குப்பைதான். அதே செல்வராஜ்தான் தன் கட்சிக்காக வாக்குச்சாவடிக்குள்ளும் உட்கார்ந்திருந்தார். "உங்க சின்னந்தானுங்க" என்று அவரிடம் தலையாட்டியிருந்தேன். மனசில் இருந்தது வேறு சின்னம்.

வரிசையில் நின்றபடி காதைத் தீட்டினேன். இந்தச் சத்தம் கொஞ்சம் தடிமன், அவர் கட்சி. அடுத்தது கீச்சென்று வருகிறது, எதிர்க்கட்சி. (பெரிய சங்கீத வித்துவான்!)

மறைப்புக்குள் போய் என் சின்னத்தை அமுக்கினேன். மெஷின் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை மறைக்கப் பலமாக இருமினேன். அது நிற்கவில்லை, நானும் விடவில்லை.

அதிகாரி எழுந்துவிட்டார். "ஏனுங்க, தண்ணி வேணுங்களா?"

"வேண்டாமுங்க. ஓட்டுப் போட்டா எனக்கு இப்படித்தானுங்க."

பின்னால் நின்ற என் மனைவி சரோஜா சாவடிக்கே கேட்கச் சொன்னாள்: "ஊட்டுல ஒருநாளும் இல்லாத இருமல்!"

சாயங்காலம் ரோட்டோரம் எங்கள் மூட்டைகள்: என் தோட்டத்தது ஒன்று, சரோஜா பேரில் இருந்த தோட்டத்தது ஒன்று. வேனிலிருந்து இறங்கிய செல்வராஜ் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், உளறிவிட்டேன்.

"மெஷின் சத்தத்த வெச்சு ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. கை தவறி வேற சின்னத்துல பட்டுருச்சுங்க."

அவர் வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்ணா, எதை அமுக்குனாலும் ஒரே சத்தந்தானுங்க. மெஷின் ஒண்ணும் சொல்லல. இப்ப நீங்கதான் சொன்னீங்க." டிரைவர் பக்கம் திரும்பினார். "அக்கா மூட்டைய ஏத்து. அண்ணனுக்கு இருமலு, ரெஸ்ட் எடுக்கட்டும்."

இன்றைக்கும் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடி முடித்துக் கத்தினால் என் மகள் இருமுகிறாள்.

அன்று சரோஜா போட்ட ஓட்டும் என் சின்னத்துக்குத்தான். அவள் இருமவில்லை. அவள் மூட்டை ஃபேக்டரிக்குப் போனது. என்னுடையது ரோட்டோரத்திலேயே சிவந்தது.